அழுகைத் தாளை முதலில் வை

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டை இன்றுவரை நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்ததில்லை. ரசம் ஊற்றும் நேரம் பார்த்து யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "மாலா ஆன்டி, பேங்காக், சியாம் ரீப், ஹோ சி மின், அப்படியே ஹனோய். எத்தனை நாள் போதும்?" கையில் போன் இருக்கும். அதில் ஏதோ ஒரு செயலி எட்டு நாள் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கும். நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும், எழுந்து போய்விடுவார்கள்.

நான் தலையாட்ட மாட்டேன். "உங்க வீட்டுல காலையில எத்தனை மணிக்குக் குளிப்பீங்க?" என்று கேட்பேன். திருதிருவென்று முழிப்பார்கள். அந்த முழியைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஓர் ஆனந்தம். முப்பத்து நான்கு வருடம் பயண ஏஜென்சியில் குப்பை கொட்டியவளுக்கு இந்தச் சின்னச் சந்தோஷம்கூட வேண்டாமா?

அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. என் முதலாளி தாமோதரன் சாருடையது.

இருபத்திரண்டு வயதில் சாலாக் செலாத்தானிலிருந்து பஸ் ஏறி வந்து, பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அவருடைய ஏஜென்சியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். டைப் அடித்தேன், டிக்கெட் எழுதினேன், பாஸ்போர்ட் பாரம் நிரப்பினேன், மூன்று வருடம் போனதே தெரியவில்லை. நாலாவது வருடம்தான் சார் என்னைத் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் மட்டும் உட்காரமாட்டார். வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் பாலும் சர்க்கரையும் போடாத தே ஓ டீ, எப்போதும் நின்றபடி. டைப்பிஸ்ட் முதல் பாத்திரம் கழுவ வரும் அக்கா வரைக்கும் எல்லாருமே அவருக்கு "மிஸ்"தான். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. வாடிக்கையாளர் கத்தக் கத்த அவர் குரல் இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் கத்தியவர் காதைக் கிட்டே கொண்டுவந்து, "என்ன சார் சொன்னீங்க?" என்று பணிவாகக் கேட்பார்.

பல ஊர்ப் பயணம் என்று யார் வந்தாலும் சார் எண்ணிக்கை சொல்லமாட்டார். தினசரி கிழிக்கும் நாட்காட்டி இருக்கிறதல்லவா, அதில் பழைய வருடத்துத் தாள்களை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருப்பார். உங்களுக்கு ஒன்பது நாள் லீவா? ஒன்பது தாள் மேசையில் வரிசையாக வரும். அப்புறம் ஊர்களைச் சொல்லச் சொல்வார். ஒரு ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் நாள் வந்தால் அந்தத் தாளை எடுத்து, உங்கள் கண் முன்னாலேயே, நிதானமாக இரண்டாகக் கிழிப்பார். பாதி உங்களுக்கு. மறுபாதி, பெட்டி கட்டவும் குளிக்கவும் சாவி கொடுக்கவும் வண்டிக்குக் காத்திருக்கவும். வீட்டில் எல்லாரும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள் என்றால் இன்னும் ஒரு கீற்று கிழிப்பார். ஒருமுறை பங்சாரிலிருந்து வந்த ஒரு வக்கீல், ஒன்பது நாளில் ஏழு ஊர் என்று பிடிவாதமாக நின்றார். சார் ஏழு தாளைக் கிழித்து முடித்ததும் மனிதர் எழுந்து நின்று, "ஐயோ, என் லீவைக் கிழிக்கிறீங்களே சார்!" என்று அலறிவிட்டார். மூன்று ஊருக்கு இறங்கி வந்தார். திரும்பி வந்து சாருக்கு ஒரு டின் முறுக்கு கொடுத்தார்.

ஆனால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. அதுதான் சாருடைய உயிர். குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "அங்க போயி எதைச் செய்யாம திரும்புனா அழுவீங்க?"

எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். ஒருவர், "ஒரு நாளாச்சும் பொண்டாட்டிகூட சண்டை போடாம இருக்கணும் சார்" என்றார், பக்கத்தில் அந்த அம்மாவை வைத்துக்கொண்டே. என்ன பதில் வந்தாலும் அதை அவர்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்வார் சார். அந்தத் தாள் மேசைக்கு நடுவில் வரும். அதைக் கிழிக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. மற்ற நாளெல்லாம் அதைச் சுற்றித்தான். ஆபீசில் நாங்கள் அதற்கு அழுகைத் தாள் என்று பேர் வைத்திருந்தோம். அதற்கு மட்டும் ஒரு தனி விதி. "மிஸ், கிழமையை நம்பாதீங்க. தேதியைக் கேளுங்க. அந்தப் பக்கம் போன் போட்டு, அவங்க வாயால நம்பரைச் சொல்ல வைங்க." இதை எனக்கு ஆயிரம் முறை சொல்லியிருப்பார். ஆயிரத்து ஒன்றாவது முறை சொல்வதற்குள் அவர் ஓய்வு பெற்று பங்சாரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மேசையும் பிஸ்கட் டின்னும் என் கைக்கு வந்தன.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் ராஜம்மா அக்கா வந்தார். தனியாக வரவில்லை. கிள்ளானிலிருந்து அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள், பக்கோடா பொட்டலத்தோடு, மாடிப்படி அதிர ஏறி வந்தார்கள். நாற்காலி நாலுதான். மீதிப் பேர் மேசை ஓரம், ஜன்னல் கட்டை, பிரிண்டர் மேல்கூட உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாரும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். கும்மிக் குழு. கடல் தாண்டி இந்தோனேசியாவில், மேடானில் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஆட அழைப்பு வந்திருக்கிறதாம். ஏரி, தீவு, மலை எல்லாம் பார்த்துக்கொண்டே மேடானுக்குப் போக வேண்டுமாம்.

ராஜம்மா அக்கா அந்தக் கும்பலின் தலைவி. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவர். குள்ளமாக, உருண்டையாக, குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும்.

"அங்க போயி எதைச் செய்யலன்னா அழுவீங்க அக்கா?" என்று வழக்கம்போல் கேட்டேன்.

"மேடையில ஆடணும்லா" என்றார். "இத்தனை வருசமா இவளுங்களுக்கெல்லாம் கும்மி சொல்லிக் குடுத்தேன். நான் ஒரு மேடையில ஏறுனதில்ல. திருவிழா வந்தா எனக்கு ஷிப்ட் வந்துரும். இப்ப ரிடையர் ஆயிட்டேன், முட்டி போயிருச்சு. திரும்பி வந்ததும் வர்ற செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரில அட்மிஷன். முட்டி மாத்துறாங்க. அதுக்கப்புறம் குனியக் கூடாது, குதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. என் சொந்த முட்டியில ஒரு தடவை ஆடிரணும் மாலா."

பக்கோடா சத்தம் நின்றுவிட்டது. தாளை அவரிடம் நீட்டினேன்.

கோயில் காரியதரிசி மூர்த்தி என்பவர். மேடானில் பிறந்து வளர்ந்த தமிழர், தமிழ் அரைகுறை. அவர் இந்தோனேசிய மொழியில் அனுப்பியிருந்த வாட்ஸ்அப்பை எனக்குக் காட்டினார்கள். "மாலாம் சப்து" நிகழ்ச்சி என்று இருந்தது. மாலாம் என்றால் இரவு, சப்து என்றால் சனி. நான் வாயாலேயே சொன்னேன்: "சனிக்கிழமை ராத்திரி." ராஜம்மா அக்கா சனிக்கிழமை என்று எழுதினார். தாளை நடுவில் வைத்தேன். தேதியைக் கேட்டு மேடானுக்குப் போன் போட்டேனா? போடவில்லை. வாட்ஸ்அப்பில் கறுப்பு வெள்ளையாக இருக்கும்போது எதற்குப் போன் என்று நினைத்தேன். இந்தோனேசிய மொழியும் மலாய் மாதிரிதான், எனக்குத் தெரியாத மலாய் மொழியா?

பிறகு கிழிக்க ஆரம்பித்தேன். வீட்டில் பர்மிஷன் ஆறு நாள்தான், செவ்வாய் முதல் ஞாயிறு வரை. போர்ட் கிள்ளானில் ஃபெரி ஏறி சுமத்ராவில் தஞ்சோங் பாலாய் போகும் செவ்வாய் முழுத் தாளும் போச்சு. புதன் பாதி, தோபா ஏரிக்கரையில் பாராபாட். வியாழன் படகில் சமோசிர் தீவு. வெள்ளி பிரஸ்தாகி மலை, அங்கே வெந்நீர் ஊற்று, ராஜம்மா அக்காவின் முட்டிக்கு ஊறல். சனி மேடான், மேடை. ஞாயிறு விமானத்தில் வீடு. சரோஜா என்ற அக்கா, "அப்படியே ஆச்சேவையும் பாத்துட்டு வந்துரலாம், மேப்ல ஒரு விரல்தானே" என்றார். மேப்பில் ஒரு விரல், பஸ்ஸில் ஒரு பகல் என்று சொல்லி இன்னொரு தாளைக் கிழிப்பதுபோல் கையைக் கொண்டுபோனேன். "வேணாம், வேணாம்!" என்று பன்னிரண்டு பேரும் கத்தினார்கள். எனக்கு ஒரே பெருமை. முட்டிக்கு ஒரு நாள் ஓய்வு, அதற்கு அடுத்த நாள் மேடை, என்ன ஒரு திட்டம் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். துணைக்கு நானும் கிளம்பினேன்.

ஃபெரியில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள், மீதிப் பேர் பாடினார்கள். சரோஜா அக்கா இரண்டையும் செய்தார். வியாழன் மாலை சமோசிர் தீவில் ஏரிக்கரைப் புல்லில் முழு ஒத்திகை. சிவப்புக் கரை போட்ட மஞ்சள் சேலை எல்லாரும் கட்டிக்கொண்டு. காலையில் மழை பெய்திருந்தது. பன்னிரண்டு சேலையிலும் முழங்கால் வரை சேறு. "சனிக்கிழமைக்குள்ள காஞ்சிரும்" என்று இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள்.

வெள்ளி காலை எட்டு மணி. நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். மூர்த்தியிடமிருந்து செய்தி: மேடை தயார், எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள்? நாளை மத்தியானம் என்று பதில் போட்டேன். அடுத்த நொடி போன் அடித்தது.

"நாளைக்கா? அக்கா, மாலாம் சப்து இன்னைக்கு அக்கா! இன்னைக்கு ஏழு மணி! நாளைக்கு காலையில மேடை பிரிக்கிறாங்க!"

என் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது.

மலாய்க் கணக்கில் பொழுது சாய்ந்தால் அடுத்த நாள் பிறந்துவிடும். இரவு வரப்போகும் பகலைச் சேர்ந்தது. சனிக்கிழமையின் இரவு என்றால் வெள்ளிக்கிழமை இரவு. இது எனக்குத் தெரியாததா? மாலாம் ஜுமாட்டில், அதாவது வெள்ளிக்கு முந்தின இரவில், பேய் உலாவும் என்று பள்ளித் தோழிகள் பயமுறுத்த, வியாழக்கிழமை தவறாமல் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்ட பெண் நான். பேய்க்கு மட்டும் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். அதுவும் போகட்டும், அம்மன் கோயில் விசேஷம் வெள்ளிக்கிழமை வராமல் வேறு எப்போது வரும்? தமிழ்க் கணக்கிலும் தப்பு, மலாய்க் கணக்கிலும் தப்பு. இரண்டு மொழி தெரிந்த கழுதை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வெளியே போய் சாருக்குப் போன் போட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் குரல் இன்னும் தாழ்ந்தது.

"மிஸ், நாஸ்தா சாப்டீங்களா?"

"சார்!"

"அழுகைத் தாள் எங்க இருக்கு?"

"இன்னைக்கு சார். நான்தான் நாளைக்கு வெச்சிட்டேன்."

"அப்ப எடுத்து இன்னைக்கு வைங்க. மத்ததைக் கிழிங்க. கிழிக்கத்தான் தெரியுமே உங்களுக்கு." கூடவே, "வெள்ளிக்கிழமை. டிரைவர் தொழுகைக்கு ஒரு மணி நேரம் விடுங்க, மறந்துராதீங்க" என்றார்.

உள்ளே வந்தேன். பன்னிரண்டு பேர் முன்னாலும் நின்று, "தப்பு என்னுதுதான், நான் தேதி கேக்கல. ஆட்டம் இன்னைக்கு" என்றேன். வெந்நீர் ஊற்று போச்சே என்று யாரோ முனகினார்கள். நான் ராஜம்மா அக்காவை மட்டும் பார்த்தேன். அவர் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். ஒத்திகையில் வீங்கியிருந்தது.

"இன்னைக்கு வெள்ளின்னு முட்டிக்குத் தெரியுமா என்ன?" என்றார். "நாம சொல்லாட்டிப் போச்சு. எந்திரிங்கடி! சேலை எங்க?"

சேலை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதரைக்குப் படகு. பத்தரைக்குப் பாராபாட். எங்கள் பஸ் டிரைவர் பாக் ஹாருன் பன்னிரண்டு ஈரச் சேலையையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் சரக்குக் கட்டும் கயிற்றை எடுத்துப் பஸ்ஸுக்குள் முன்னாலிருந்து பின்னால் வரை கட்டிக் கொடுத்தார். ஏர்கோன் நிறுத்தியாயிற்று, ஜன்னல் எல்லாம் திறந்தாயிற்று. மஞ்சள் சேலைகள் படபடவென்று எல்லார் முகத்திலும் அடிக்க, பாட்டுச் சத்தம் கூரையைத் தூக்க, பஸ் மலை இறங்கியது. எதிரே வந்த லோரிக்காரர்கள் எல்லாம் ஹோர்ன் அடித்துக் கையாட்டினார்கள். கல்யாண வண்டி என்று நினைத்திருப்பார்கள்.

வழியில் சியாந்தாரில் பாக் ஹாருன் தொழுகைக்குப் போன ஒரு மணி நேரத்தில் பள்ளிவாசலுக்கு எதிர்க்கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டோம். பிறகு செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் போகும்போது ஒரு சேலை கயிற்றை விட்டு ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது. எல்லாரும் ஒரே குரலில் "பெர்ஹெந்தி!" என்று அலறினோம். பாக் ஹாருன் நிறுத்தி, பயந்துபோய் யார் விழுந்தார் என்று தலை எண்ண ஆரம்பித்தார். சேலை ஒரு செம்பனை மட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. யாருடையது? ராஜம்மா அக்காவுடையதுதான். கொக்கித் தடி வைத்திருந்த ஒரு தோட்டத் தொழிலாளி அதைப் பழக்குலை மாதிரி பக்குவமாக இறக்கிக் கொடுத்தார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. காலையில் அழுதவள் நான்தான் என்பதே மறந்துபோனது.

ஐந்து மணிக்கு மேடான். ஏழு மணிக்கு மேடை. மூர்த்தி வாசலில் மாலையோடு நின்றார், என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

கும்மி அரைமணி நேரம். ராஜம்மா அக்கா ஒரு தாளம் தவறவில்லை. அந்தக் குள்ள உருவம் அப்படிச் சுற்றும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மேடை ஓரத்தில் நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் என் முட்டியைப் பிடித்துக்கொண்டேன். கடைசிப் பாட்டில் குனிந்து நிலத்தைத் தொட்டு நிமிர வேண்டும். எல்லாரும் குனிந்தார்கள். பதினொரு பேர் நிமிர்ந்தார்கள். ராஜம்மா அக்கா நிமிரவில்லை.

முட்டி பூட்டிக்கொண்டுவிட்டது. என் உயிர் போய்விட்டது. அக்கா அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒரு நொடிதான். பிறகு இரண்டு கையாலும் மேடைப் பலகையைத் தட்ட ஆரம்பித்தார், டம், டம் என்று, பாட்டின் தாளத்துக்கு. கூடவே எட்டு ஊருக்குக் கேட்கிற அந்தக் குரல். சரோஜா அக்கா அதைப் பார்த்தார், சட்டென்று தானும் மண்டியிட்டார். ஒவ்வொருவராக மற்றவர்களும். பன்னிரண்டு பேரும் வட்டமாக உட்கார்ந்து மேடையைத் தட்டித் தட்டிப் பாடி முடித்தார்கள். அதுதான் ஆட்டத்தின் உச்சம் என்று சனம் நினைத்துக்கொண்டது. கைதட்டல் ஓயவே இல்லை. இரண்டு பேர் தூக்கி நிறுத்தியபோது ராஜம்மா அக்கா அழுதுகொண்டிருந்தார். "ஆடியாச்சு மாலா" என்றார். நானும் அழுதேன், வெட்கப்படாமல்.

அப்புறம்தான் கவனித்தேன், கையில் ஒரு முழு சனிக்கிழமை மிச்சம். கிழியாத தாள், அதில் ஒன்றுமே எழுதவில்லை. ஓட்டல் அறையில் வாளி வாளியாக வெந்நீர் வாங்கி, அதில் ராஜம்மா அக்காவின் காலை வைத்தோம். பத்து மணிவரை யாரும் குளிக்கவில்லை. கட்டிலில் பன்னிரண்டு பேரும் குறுக்கும் நெடுக்கும் படுத்துக்கொண்டு, நேற்றைய ஆட்டத்தை மூர்த்தி அனுப்பிய வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இந்தப் பயணத்திலேயே இதுதான் சிறந்த நாள் என்று ஏரி பார்த்தவர்கள் சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை அதன்பிறகு நான் போட்ட ஒவ்வொரு திட்டத்திலும் அழுகைத் தாளுக்கு அடுத்து ஒரு வெற்றுத் தாள் வைத்தேன். சாருக்கே தெரியாத பாடம் அது. போனில் சொன்னபோது, "நல்லா இருக்கு மிஸ், ஆனா தேதியைக் கேளுங்க" என்றார்.

ஆபீசில் எனக்கு "மாலாம் மாலா" என்று பட்டப்பேர் நிலைத்துவிட்டது. சிரித்துக்கொண்டேன், ஆனால் உள்ளே உறுத்தியது. என் தப்பால் ஓய்வில்லாமல் ஆடின முட்டி. செவ்வாய்க்கிழமை டாக்டர் வீக்கத்தைப் பார்த்து ஆபரேஷனைத் தள்ளிவிட்டால்? அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. மாலையில் போன் வந்தது.

"மாலா, ஒண்ணும் தள்ளல. நாளைக்குக் காலையில ஆபரேஷன். நல்லாத் திட்டுனாரு, அவ்வளவுதான்" என்றார் ராஜம்மா அக்கா. எதிரே இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்த முயன்றார், வராத காரியம். "டாக்டர் நம்ம தமிழ்ப் புள்ளதான், ஆனா மலாய்லதான் கேட்டாரு, முட்டி எப்ப பூட்டிக்கிச்சுன்னு. மாலாம் சப்துன்னு சொன்னேன்."

"ம்."

"சனிக்கிழமைன்னு எழுதிக்கிட்டாருலா!"

அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்த சத்தம் எனக்குக் கேட்டது.